5 மாசப் பாப்பாவுக்கு இருமல்: ஹோமியோ உருண்டை கொடுக்கலாமா?

மல்லிப்பூ_அம்மா | வியாழன், காலை 10:40

வணக்கம் தோழிகளே. பையனுக்கு அடுத்த வாரம் 5 மாசம் முடியுது. தாய்ப்பால் மட்டும்தான். திங்கட்கிழமை மூக்கு ஒழுக ஆரம்பிச்சுது. செவ்வாய் ராத்திரியிலேர்ந்து இருமல். நேத்து லேசா காய்ச்சல், 100.4. நெஞ்சுல கை வெச்சா கரகரன்னு பூனை மாதிரி தெரியுது. எங்க ஊர் தேனி பக்கம், மார்கழிப் பனி வேற.

அத்தை நேத்து சாயங்காலமே ஹோமியோ டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிட்டாங்க. "எம்புள்ளைங்க மூணு பேரையும் இனிப்பு மாத்திரையிலதான் வளர்த்தேன், ஊசி போட்டதே இல்ல"ங்கறது அவங்க பேச்சு. அவர் சின்னக் குப்பியில கடுகைவிடக் கொஞ்சம் பெருசா வெள்ளை உருண்டை கொடுத்திருக்கார். ரெண்டு உருண்டையைத் தாய்ப்பால்ல கரைச்சு மூணு வேளை. கையால தொடக்கூடாது, மூடியில எடுத்துத்தான் போடணும், வீட்ல கற்பூர வாசனையே கூடாது, நான் காபி குடிக்கக் கூடாது. குப்பி மேல பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல, "3 வேளை"ன்னு மட்டும் பேனாவுல எழுதியிருக்கு.

வீட்டுக்காரர், நாத்தனார் பையனுக்கு வாங்கின இருமல் சிரப் பாதி இருக்கு, அதுல நாலு சொட்டு குடுன்னு சொல்றார். எதைக் கொடுக்கறது? ரெண்டுமே பயமா இருக்கு.

---

நெல்லை_ஆச்சி | 10:58

ஏம்மா பயப்படுற, பிள்ளைன்னா சளி பிடிக்கத்தான் செய்யும். துளசிச் சாறுல ஒரு சொட்டு தேன் விட்டு நாக்குல தடவு. ராத்திரி தேங்காயெண்ணெயில கற்பூரம் காய்ச்சி நெஞ்சுல தடவி, சாம்பிராணி போடு. மூக்குல ரெண்டு சொட்டு நல்லெண்ணெய். எங்க ஆத்தா பதினோரு பிள்ளைக்கு இதுதான் பண்ணுனா.

---

மருந்துக்கடை_அண்ணன் | 11:20

தங்கச்சி, முதல்ல அந்த சிரப்பைத் தூர வைங்க. நான் 19 வருஷமா கவுண்டர்ல நிக்கிறவன், சொல்றேன்.

2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் கோல்ட்ரிஃப்ங்கற இருமல் சிரப் குடிச்ச பிள்ளைங்க 20 பேருக்கு மேல சிறுநீரகம் செயலிழந்து செத்தது ஞாபகம் இருக்கும். தயாரிச்சது நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்துல. அந்த பேட்ச்சை நம்ம மாநில ஆய்வகத்துல சோதிச்சப்போ சிறுநீரகத்தைக் கெடுக்கிற டை எத்திலீன் கிளைக்கால்ங்கற விஷம் 48.6 சதவீதம். இருக்கலாம்னு அனுமதிச்ச அளவே 0.1 தான். கரைப்பானா ஊத்துற சாமான்ல கலப்படம் வந்தா இதுதான் கதி. அதுக்கப்புறம் அக்டோபர் மாசமே மத்திய சுகாதாரத்துறை சுற்றறிக்கை விட்டுச்சு: 2 வயசுக்குக் கீழ இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, 5 வயசுக்குக் கீழ பொதுவா வேண்டாம். அதுக்கு முன்னாடி 2023 டிசம்பர்லயே குளோர்பெனிரமின், ஃபீனைல்எஃப்ரின் சேர்ந்த சளி மருந்துல "4 வயசுக்குக் கீழ கூடாது"ன்னு அச்சடிக்கச் சொல்லியாச்சு. உங்க வீட்ல இருக்கிற பாதி பாட்டில் அநேகமா அந்த ஜாதிதான்.

சிரப் நல்ல சிரப்பாவே இருந்தாலும் 5 மாசப் பிள்ளை இருமலை அது குறைக்காது, தூங்க வைக்கும். அவ்வளவுதான்.

ஹோமியோ பத்தி என் கருத்தைக் கேக்காதீங்க, கடையில அதுக்கும் ஒரு ரேக் இருக்கு 😄 ஆனா ஒண்ணு. உருண்டைன்னா சர்க்கரை. சொட்டு மருந்தா கொடுத்தா அதோட அடித்தளம் சாராயம். 12 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருக்கிற ஹோமியோ மருந்தை 30 மில்லிக்குப் பெரிய பாட்டில்ல சில்லறையா விக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்துன்னா வாங்காதீங்க.

---

நைட்_ட்யூட்டி | 11:34

மல்லிப்பூ, நான் குழந்தைகள் வார்டு நர்ஸ். எந்த மருந்துங்கிறதை அப்புறம் பேசலாம். இப்ப எனக்கு ஒரு நம்பர் வேணும்.

பாப்பா தூங்கும்போது, இல்ல அழாம அமைதியா இருக்கும்போது, சட்டையைத் தூக்குங்க. போன்ல ஒரு நிமிஷம் டைமர். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினா ஒண்ணு. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்காதீங்க, பச்சப்புள்ளைங்க மூச்சு ஒரே சீரா இருக்காது, முழு நிமிஷமும் எண்ணணும்.

2 மாசம் ஆகாத குழந்தைன்னா நிமிஷத்துக்கு 60, 2 மாசத்துலேர்ந்து ஒரு வயசு வரைக்கும் 50, அதுக்கு மேல 5 வயசு வரைக்கும் 40. இதைத் தொட்டா அது வேகமான மூச்சு, காட்டியே ஆகணும். நம்ம கிராம செவிலியருங்க வீடு வீடா வந்து எண்ணுறதும் இதே கணக்குதான்.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழ பாருங்க. மூச்சு உள்ள இழுக்கும்போது அந்த இடம் குழியா உள்ள போகுதா? மூக்கு ஓட்டை விரியுதா? பால் குடிக்கும்போது நடுவுல விட்டுட்டு மூச்சு வாங்குதா? நேத்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போச்சு, இன்னிக்கு எத்தனை?

ஆச்சி, கோவிச்சுக்காதீங்க. ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, பொட்டுலிசம்னு ஒரு விஷம் வரும், தசையெல்லாம் தளர்ந்து போகும். மூக்குல விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய்க் கட்டிக்கிட்டு நிமோனியா வந்த கேஸ் எங்க வார்டுல பாத்திருக்கேன். கற்பூரம் தோல் வழியா ஏறினாலே வலிப்பு வரலாம். சாம்பிராணிப் புகை இருமுற குழந்தைக்கு வேணுமா நீங்களே சொல்லுங்க.

---

நெல்லை_ஆச்சி | 11:41

எல்லாம் தப்புன்னா நாங்கல்லாம் எப்படிம்மா பொழைச்சோம்?

---

நைட்_ட்யூட்டி | 11:43

உங்க ஆத்தாவுக்குப் பதினோரு பிள்ளைன்னீங்களே ஆச்சி, தங்கினது எத்தனை?

---

நெல்லை_ஆச்சி | 11:50

ஏழு.

---

மல்லிப்பூ_அம்மா | மதியம் 12:25

எண்ணினேன் அக்கா. தூங்கும்போது 46. குழி விழற மாதிரி தெரியல. பால் குடிக்கிறான், ஆனா மூக்கடைப்பால விட்டு விட்டுக் குடிக்கிறான். ஒண்ணுக்கு காலையிலேர்ந்து மூணு தடவை.

---

நைட்_ட்யூட்டி | 12:33

46 சரி, ஆனா எல்லைக்குப் பக்கத்துல. இன்னிக்கே ஒரு குழந்தை மருத்துவர்கிட்ட காட்டிடுங்க. இன்னிக்கு நாலாவது நாள். இந்த வயசுல மூக்கு ஒழுகி ஆரம்பிச்சு நெஞ்சுக்கு இறங்குற வைரஸ் மூச்சுக்குழல் அழற்சி மூணுலேர்ந்து அஞ்சாவது நாள்தான் உச்சத்துக்குப் போகும். அதனாலதான் சொல்றேன்.

மருந்துக்கடையில சலைன் மூக்குச் சொட்டு கிடைக்கும், வெறும் உப்புத் தண்ணி. பால் கொடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒவ்வொரு மூக்குலயும் ஒண்ணு ரெண்டு சொட்டு. ஒரேயடியா வயிறு முட்டக் கொடுக்காம, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி கொடுங்க. நாலு மணிக்கு ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை எண்ணுங்க.

---

சர்க்கரை_உருண்டை | பிற்பகல் 2:15

நான் பிஹெச்எம்எஸ், அதாவது ஹோமியோபதி மருத்துவர், திருமங்கலம் அரசு ஹோமியோபதி கல்லூரியில் படித்தவள். என்னை இங்கே அடிக்கத்தான் போகிறீர்கள், பரவாயில்லை.

முதலில், பெயர் எழுதாத குப்பியை வாங்காதீர்கள். என்ன மருந்து, என்ன வீரியம் என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. 30, 200 என்றால் பலமுறை நீர்த்தது, அது ஒரு கதை. 3எக்ஸ் (மூன்றே முறை நீர்த்தது), தாய்த்திரவம் (நீர்க்காத மூலச் சாறு) என்றால் வேறு கதை, அதில் மூலப்பொருள் உண்மையிலேயே இருக்கும்.

இரண்டாவது, எங்கள் முறையில் "இருமலுக்கு" என்று ஒரு மருந்து கிடையாது. இருமி இருமி வாந்தி எடுக்கும் குழந்தைக்கு இபிகாக், படுத்ததும் தொடர்ச்சியாகக் குத்தும் இருமலுக்கு ட்ரோசெரா, நாய் குரைப்பது போல வறண்ட சத்தத்துக்கு ஸ்பாஞ்சியா, நெஞ்சு நிறையச் சளி கடகடக்கிறது ஆனால் வெளியே வரவில்லை என்றால் ஆன்டிமோனியம் டார்ட். குழந்தையைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. காபி, கற்பூரம் கூடாது என்பதெல்லாம் பழைய பத்தியம், அதற்காக அந்தத் தாயைப் படுத்த வேண்டாம்.

---

நைட்_ட்யூட்டி | 2:40

டாக்டர், உங்களை அடிக்க வரல. ஒரே ஒரு கேள்வி. என் சித்தப்பா வீட்ல போயரிக் எழுதின ஹோமியோ மருந்துப் புத்தகம் இருந்துச்சு, நான் நர்சிங் படிக்கும்போது புரட்டுவேன். ஆன்டிமோனியம் டார்ட்டுக்கு என்ன லட்சணம் போட்டிருக்கும்? நெஞ்சு கடகடக்கும், சளி வெளிய வராது, குழந்தை தூங்கி வழியும், முகம் வெளுத்து நீலம் பாயும், குளிர்ந்த வியர்வை. லைகோபோடியம்னு இன்னொரு மருந்துக்கு மூக்கு விசிறி மாதிரி விரியும்னு இருக்கும்.

எங்க வார்டுல இந்த லட்சணத்தோட ஒரு குழந்தை வந்தா நாங்க ஓடுவோம். அது மருந்தைத் தேர்ந்தெடுக்கற அடையாளம் இல்ல, மூச்சு நிக்கப் போற அடையாளம். அதை எழுதின காலத்துல ஆக்சிஜன் மாஸ்க் இல்ல, என்ன இருந்துச்சோ அதைக் கொடுத்தாங்க. இன்னிக்கு அதே பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு உருண்டை எண்ணினா?

---

சர்க்கரை_உருண்டை | 3:05

நியாயமான கேள்வி. அந்த நிலையில் ஒரு குழந்தையை என்னிடம் தூக்கி வந்தால் நான் மருந்துப் பெட்டியைத் திறக்க மாட்டேன், 108ஐக் கூப்பிடுவேன். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பார்ப்பதே இல்லை, நேராக மருத்துவமனை. எல்லோரும் அப்படிச் செய்கிறார்களா என்றால், இல்லை. அது எனக்கும் வருத்தம்தான்.

---

தெப்பக்குளம்_வாத்தியார் | மாலை 6:10

பள்ளியில் வேதியியல் எடுப்பவன். இந்த வீரியக் கணக்கை யாரும் விளக்காமல் விட்டுவிட்டீர்கள்.

ஒரு சொட்டு மூலமருந்து, 99 சொட்டு சாராயம், குலுக்கு. அதில் ஒரு சொட்டு, மறுபடி 99. ஒவ்வொரு தடவையும் நூறில் ஒன்று. ஆறு தடவை செய்தால் 6சி: ஒரு சொட்டை 5 கோடி லிட்டரில் கலந்ததற்குச் சமம். எங்கள் வண்டியூர் தெப்பக்குளத்தில் ஏறக்குறைய முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது அதில் ஒரே ஒரு சொட்டு விட்டது போல. பன்னிரண்டு தடவை என்றால் இந்துமாக்கடலில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த இடத்தோடு அவகாட்ரோ எண் (ஒரு மோல் பொருளில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை) முடிந்துவிடுகிறது, மூலக்கூறு ஒன்றாவது மிஞ்சுமா என்பதே சந்தேகம். 30சி அதற்கும் மேலே பதினெட்டு தடவை. ஒன்றுக்குப் பின்னால் அறுபது சைபர்.

ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமனைக் குறை சொல்ல மாட்டேன். 1796ல் அவர் எழுத ஆரம்பித்தபோது மற்ற மருத்துவர்கள் ரத்தத்தை இறக்கிக்கொண்டும் பாதரசத்தைக் கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே கொடுக்காதது நல்ல வைத்தியம். கக்குவான் இருமலுக்கு ட்ரோசெரா முப்பதாவது வீரியம் ஒரே வேளை போதும் என்று எழுதியிருக்கிறார். இன்று கக்குவானுக்கு 6, 10, 14 வாரத்தில் பென்டாவேலன்ட் ஊசி இருக்கிறது.

குழந்தைகளின் சளி, இருமல் போன்ற மூச்சுப்பாதைத் தொற்றுகளுக்கு ஹோமியோபதி உதவுமா என்று, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழு 2018ல் பார்த்தது. 8 சோதனைகள், 1562 குழந்தைகள். நம்பத்தக்க விதமாக நடத்திய சோதனைகளில் வெறும் சர்க்கரையைவிட மேலான பலன் தெரியவில்லை. "ஆளுக்கு ஏற்ற மருந்து கொடுத்தால்தான் வேலை செய்யும்" என்று டாக்டரம்மா சொல்லலாம். அப்படி ஆளுக்கேற்பக் கொடுத்த சோதனைகளும் அதற்குள் உண்டு.

---

ஃப்ராங்ஃபர்ட்_தமிழச்சி | 6:48

இங்க ஜெர்மனியில என் முதல் பிரசவத்துக்கு வந்த மருத்துவச்சியே குளோபுலின்னு உருண்டை நீட்டினாங்க. ஹானிமன் பொறந்த நாடாச்சே. பார்மசியில மட்டும்தான் விக்கணும்னு விதி, அதனாலேயே மக்களுக்கு அதுமேல மரியாதை. பக்கத்துல பிரான்ஸ்ல 2021 ஜனவரியோட அரசுக் காப்பீட்டுலேர்ந்து எடுத்தே விட்டாங்க.

அமெரிக்கா கதை வேற. அங்க பல் முளைக்கிற குழந்தைக்கு விக்கிற ஹோமியோ மாத்திரையில பெல்லடோனாங்கற விஷச்செடிச் சத்து லேபிள்ல போட்ட அளவைவிடச் சிலதுல ரொம்ப அதிகமா இருக்குன்னு அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017ல சோதிச்சு சொல்லுச்சு. நீர்த்துப் போச்சுன்னு நம்பித்தானே குழந்தை வாயில வைக்கறோம், சரியா நீர்க்க வெச்சாங்களான்னு யார் பாக்கறது?

என் பொண்ணுக்கு நானும் கொடுத்திருக்கேன், மறைக்கல. இருமல் நின்னுது. மருந்தே கொடுக்காத என் தோழி பையனுக்கும் அதே மூணாவது வாரம்தான் நின்னுது.

---

மல்லிப்பூ_அம்மா | இரவு 8:02

டாக்டரைப் பாக்கப் போனோம், டோக்கன் முடிஞ்சிருச்சு, நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க. அத்தை உருண்டை கொடுத்துட்டாங்க. "கொடுத்ததும் கொஞ்சம் ஏறித்தான் இறங்கும்"னு அவர் சொல்லியிருக்காராம். இருமல் அதிகமாத்தான் இருக்கு. அது நல்லதா?

---

நைட்_ட்யூட்டி | 8:09

"ஏறி இறங்கும்" சமாதானத்துக்கு மட்டும் மயங்காதீங்க. ஏறினா ஏறுதுன்னு அர்த்தம். எண்ணுங்க.

---

சர்க்கரை_உருண்டை | 8:31

ஒத்துக்கொள்கிறேன். கைக்குழந்தையின் மூச்சு விஷயத்தில் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது.

---

மல்லிப்பூ_அம்மா | 11:52

அக்கா இருக்கீங்களா. 58. ரெண்டு தடவை எண்ணிட்டேன். விலாவுக்குக் கீழ குழி விழுது. பால் ரெண்டு வாய் குடிச்சிட்டு விட்டுர்றான். சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணுக்கே போகல.

---

நைட்_ட்யூட்டி | 11:53

இப்பவே கிளம்புங்க. காலையில வேண்டாம், டோக்கன் வேண்டாம், நேரா பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவு. வண்டி இல்லேன்னா 108. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்காம நெஞ்சுல சாய்ச்சு நிமிர்த்திப் பிடிச்சுக்கோங்க. மூச்சு வாங்கும்போது பால் புகட்டாதீங்க. அந்தக் குப்பியையும் எடுத்துட்டுப் போங்க, என்ன கொடுத்தீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, யாரும் திட்டினா திட்டட்டும்.

---

தெப்பக்குளம்_வாத்தியார் | வெள்ளி, காலை 7:15

இன்னொன்று விட்டுப்போனது. சர்க்கரை உருண்டையின் தீங்கு சர்க்கரையில் இல்லை, அது...

---

மருந்துக்கடை_அண்ணன் | 7:20

சார், புள்ளை எப்படி இருக்குன்னு தெரியாம நாங்க ராத்திரியெல்லாம் போனைப் பாத்துக்கிட்டு இருக்கோம். அப்புறம் எழுதுங்க.

---

தெப்பக்குளம்_வாத்தியார் | 7:22

மன்னிக்கவும்.

---

நெல்லை_ஆச்சி | 9:05

இசக்கியம்மனுக்கு நேந்துக்கிட்டேன். எண்ணுறது எப்படின்னு பேத்திகிட்ட கேட்டு எங்க வீட்டுச் சின்னதுக்கும் எண்ணிப் பாத்தேன். 38. சரிதானே?

---

நைட்_ட்யூட்டி | 9:11

நல்லா இருக்கு ஆச்சி.

---

மல்லிப்பூ_அம்மா | திங்கள், மதியம் 1:30

எல்லாருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தோம்.

போனதும் விரல்ல கிளிப் மாட்டினாங்க, ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 89. உடனே மூக்குல குழாய் வெச்சு ஆக்சிஜன். மூச்சுக்குழல் அழற்சிதான்னு சொன்னாங்க, நைட்_ட்யூட்டி அக்கா சொன்ன அதே பேர். வைரஸ்ங்கறதால ஆன்டிபயாடிக் தரல. நான் என்னென்னவோ ஊசி போடுவாங்கன்னு நெனச்சேன். சளியை உறிஞ்சி எடுத்தாங்க, மூக்கு வழியா வயித்துக்குச் சின்னக் குழாய் போட்டு நான் பீச்சிக் கொடுத்த பாலை விட்டாங்க, ஆக்சிஜன் வெச்சாங்க, அவ்வளவுதான். ரெண்டு நாள்ல தானா பால் குடிச்சான். இருமல் இன்னும் இருக்கு. ரெண்டு மூணு வாரம் இழுக்கும், பயப்படாதீங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.

குப்பியைக் காமிச்சேன். ட்யூட்டி டாக்டர் மூடியைத் திறந்து பாத்துட்டு, "இது ஒண்ணும் பண்ணியிருக்காதும்மா, கெட்டதும் பண்ணியிருக்காது. நேத்து மதியமே வந்திருந்தா ஆக்சிஜன் தேவைப்பட்டிருக்குமோ என்னமோ"ன்னார். அத்தை பக்கத்துலதான் நின்னாங்க. ஒண்ணும் பேசல.

---

சர்க்கரை_உருண்டை | 2:10

குழந்தை தேறியதில் மகிழ்ச்சி. அடுத்த தடுப்பூசி எப்போது என்று அட்டையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 9 மாதத்தில் நிமோனியா ஊசியின் பூஸ்டர் வரும். என் நோயாளிகளிடமும் இதைத்தான் முதலில் கேட்பேன். சிலர் அதற்காகவே அடுத்த தடவை வருவதில்லை.

---

மல்லிப்பூ_அம்மா | பத்து நாள் கழித்து, இரவு 9:20

இருமல் சுத்தமா நின்னுருச்சு. சொல்லாம இருக்க முடியல, அதான் வந்தேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாளே அத்தை அந்த உருண்டையை மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க, எனக்கு நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. இப்ப தெருவுல எல்லார்கிட்டயும் "ஆஸ்பத்திரியில கூட நிக்காத இருமல், இனிப்பு மாத்திரையில நின்னுது பாரு"ங்கறாங்க. வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல.

ஆனா ராத்திரி எந்திரிச்சுப் பாத்தா, அத்தை அவன் சட்டையைத் தூக்கி வெச்சுக்கிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பாத்து வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டு உக்காந்திருக்காங்க. கேட்டா, "சும்மா பாத்தேன், முப்பத்தாறு"ங்கறாங்க.

---

நைட்_ட்யூட்டி | 9:34

முப்பத்தாறு நல்ல நம்பர். அத்தைகிட்ட ஒரே ஒரு விஷயம் கேளுங்க, முழு நிமிஷமும் எண்ணுறாங்களா?

---

மல்லிப்பூ_அம்மா | 9:41

கேட்டேன். "பின்ன என்ன, பாதியில விடுவேனா"ங்கறாங்க.